இரண்டாம் அரங்கேற்றம்

டெல்மர் நூட்சன் நூற்றுக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளை எழுதியவர். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் இரண்டாவது தடவை வாசித்ததில்லை.

இதில் டெல்மரின் குற்றம் பாதிதான். அவர் எழுதுகிற சோதனை இசைக்கு ஆதரவு தருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஓர் ஆசை உண்டு. உலக முதல் அரங்கேற்றம் தங்கள் பெயரில் நடக்க வேண்டும். அறக்கட்டளைகள் அதற்காகத்தான் கொடுக்கும். வாத்தியக் குழுக்கள் அதைத்தான் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளும். இரண்டாவது முறை வாசித்தவர் என்று சொல்லி யாரையும் யாரும் மேடையேற்றிப் பாராட்டியதில்லை. ஆகவே டெல்மரின் படைப்புகள் எல்லாமே பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாக அமைந்தவை. மறுநாள் காலை அவர் அடுத்ததை எழுத உட்கார்ந்துவிடுவார்.

ஒலிப்பதிவு செய்து கேட்டுக்கொள்ளலாமே என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். பதிவில் கேட்டால் டெல்மரின் இசை, பக்கத்து அறையில் குளிர்சாதனப் பெட்டி ஓடுவது போலத்தான் இருக்கும். நேரில் கேட்டால் அதே பெட்டி நம் அறையிலேயே ஓடுவது போல இருக்கும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவர் வாழ்நாளைக் கொடுத்திருந்தார்.

மினசோட்டா மாநிலத்தில் எங்கள் நார்டால் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பால்பண்ணை வைத்திருந்த ஹால்வர் நூட்சனின் ஒரே மகன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தார். சில வருடங்கள் நியூயார்க்கில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் வாழ்ந்தார். அங்கே ஒரு இசையமைப்பாளரின் கச்சேரிக்கு மற்ற இசையமைப்பாளர்கள் எல்லோரும் வருவார்கள். வேறு யாரும் வரமாட்டார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போலத்தான் இதுவும். இன்றைக்கு நான் உன் கச்சேரியில் உட்கார்ந்தால், அடுத்த வாரம் நீ என் கச்சேரியில் உட்கார வேண்டும். டெல்மர் எல்லோருக்கும் ஒழுங்காக மொய் வைத்தார். அவர் முறை வந்தபோது பனிப்புயல் அடித்தது.

பிறகு எங்கள் ஊர் லூத்தரன் கல்லூரியில் வேலை கிடைத்துத் திரும்பி வந்தார். பாடகர் குழுவுக்குப் பெயர் போன கல்லூரி அது. டெல்மர் அந்தக் குழுவுக்காக ஒரு படைப்பு எழுதினார். அதில் அறுபது பிள்ளைகளும் மூச்சை உள்ளே இழுப்பார்கள். வெளியே விடும் கட்டத்துக்கு இசையில் இடம் வைக்கவில்லை. கச்சேரி முடிந்து வெளியே வந்த பெற்றோர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப வித்தியாசமா இருந்துச்சு சார்" என்றார்கள்.

மினசோட்டாவில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. சூப்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாலும் 'வித்தியாசமா இருக்கு' என்றுதான் சொல்வோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த டெல்மருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் வித்தியாசமாக இருப்பதற்காகவே இசை எழுதுகிறவர் அந்தச் சொல்லை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? நாற்பது வருடங்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வேலை செய்தார்.

அவருடைய படைப்புகளில் ஊர் இன்னும் நினைவில் வைத்திருப்பது ஏரிக் கச்சேரியைத்தான். ஜனவரியில் உறைந்துபோன ஏரியின் மேல், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் வைக்கும் சின்னக் குடில்கள் நான்கைப் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வயலின்காரரையோ செல்லோக்காரரையோ உட்கார வைத்தார். கேட்க வந்தவர்கள் நடுவில் பனியில் நின்றார்கள். ஐந்தாவதாக ஒரு குடில், கச்சேரிக்குச் சம்பந்தமில்லாதது, பக்கத்தில் இருந்தது. பாதிக் கச்சேரியில் அதற்குள்ளிருந்து ஒரு ஆள் முழங்கை நீள மீனோடு வெளியே வந்தார். அன்று விழுந்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

ஊர் திரும்பிய பிறகு நடந்த இத்தனை அரங்கேற்றங்களுக்கும் தவறாமல் வந்த ஒரே ஆள் அவருடைய அக்கா வெர்னா. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து கம்பளி பின்னுவார். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட இனிப்புத் துண்டுகளைத் தட்டு தட்டாகக் கொண்டுவருவார். கச்சேரிக்குப் பிறகு கீழ்த்தளத்தில் காபியும் அந்தத் துண்டும் உண்டு. டெல்மரின் கச்சேரிக்குக் கூட்டம் வந்ததற்குக் காரணம் அவருடைய இசை என்று துண்டறிக்கைகள் சொல்லும். ஒரு வருடம் வெர்னா இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்து, கட்டிலிலிருந்தே தொலைபேசியில் கச்சேரியைக் கேட்டபோது உண்மைக் காரணம் தெரிந்தது. அரங்கில் வாசித்தவர்கள் ஆறு பேர், கேட்டவர்கள் நான்கு பேர்.

வெர்னாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் ஊர்த் தேவாலயப் பெண்கள் எல்லோரிடமும் உண்டு. நிகழ்ச்சி முடிவதற்குச் சற்று முன்பே நைசாக எழுந்து கீழ்த்தளத்துக்குப் போய்க் காபி அண்டாவைப் பற்றவைத்துவிட வேண்டும். கூட்டம் இறங்கும்போது காபி சூடாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் கிட்டத்தட்ட வேத வாக்கு. முன்வரிசையில் இருக்கும் டெல்மர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் முடிவு வரப்போகிறது என்று அர்த்தம். வெர்னா ஊசியைக் கம்பளி உருண்டையில் குத்திவிட்டு எழுந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் முடிவதற்குள் நர்ஸ் வந்து தொலைபேசியை வைத்துவிட்டார். எனவே தம்பி ஊரில் அரங்கேற்றிய எல்லாவற்றையும் கேட்ட ஒரே ஆளான வெர்னா, ஒன்றின் முடிவைக்கூடக் கேட்டதில்லை.

டெல்மருக்கு எழுபத்தைந்து தாண்டியபோது காது போகத் தொடங்கியது. முதலில் குருவிகள் போயின. பிறகு வயலினின் மேல் தந்தி போயிற்று. அந்த நவம்பரில், நன்றி அறிவித்தல் விருந்தன்று வெர்னா வீட்டு மேஜையில், வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சொன்னதை நானும் கேட்டேன். பக்கத்து வீடு என்பதால் வெர்னா எங்களையும் ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம்" என்றார் டெல்மர். "காது முழுசாப் போறதுக்குள்ள, நான் எழுதினதுல ஒண்ணையாவது ரெண்டாவது தடவை கேட்டுடணும்."

"ஏன்டா, முதல் தடவை கேட்டது பத்தலையா?" என்றார் வெர்னா.

"முதல் தடவை எல்லாரும் தப்பா வாசிப்பாங்க. நானும் பயத்துல பாதியக் கேக்க மாட்டேன். அது நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது, வெர்னா. நூறு புள்ளைங்களப் பெத்துட்டு ஒண்ணோட முகத்தையும் சரியாப் பாக்காத மாதிரி இருக்கு."

"என்கிட்டக் கேளு, நான் சொல்றேன்."

"நீ சொல்ல வேண்டாம்."

வெர்னாவின் கணவர் கர்டிஸ் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நகர்த்தி, "குழம்பு ஊத்திக்கோ டெல்மர்" என்றார். குடும்பச் சண்டைகளில் கர்டிஸின் பங்கு எப்போதும் குழம்புதான்.

அடுத்த வசந்தத்தில் மினியாபோலிஸிலிருந்து மெரிடித் ப்ளேக் என்ற அம்மையார் வந்தார். ஒரு கலை அறக்கட்டளையில் இருந்தார். கறுப்பு உடை, கழுத்தில் ஆற்றில் பொறுக்கிய மாதிரி ஒரு கல். வாழ்நாள் சாதனைக்காக டெல்மருக்கு ஒரு செப்புப் பட்டயம் தருவதாகவும், அதோடு ஒரு புதிய படைப்பை அரங்கேற்றுவதாகவும் சொன்னார். நகரத்திலிருந்து ஒரு இளம் வாத்தியக் குழு வந்து வாசிக்கும். கல்லூரித் தேவாலயத்தில் அக்டோபர் ஞாயிறு மதியம்.

"பழசுல ஒண்ண வாசிக்கலாமா?" என்று டெல்மர் கேட்டார்.

"ஐயோ, உங்க பழசெல்லாம் எங்களுக்கு உயிர் சார்" என்றார் மெரிடித். அவர் எதையும் கேட்டதில்லை. "ஆனா எங்க அமைப்புக்கு ஒரே ஒரு நிபந்தனை. இதுக்கு முன்னாடி எங்கயும் வாசிச்சிருக்கக் கூடாது. வாசிச்சதுன்னு தெரிஞ்சா பட்டயம் உட்பட எல்லாத்தையும் நிறுத்திடுவோம். பட்டயத்துலயே 'உலக முதல் அரங்கேற்றம்'னு பொறிச்சிடுவோம், பாருங்க."

டெல்மர் தலையாட்டினார். வீட்டுக்குப் போனார். மாடியில் இருந்த பெட்டிகளைத் திறந்து, தன்னுடைய படைப்புப் பட்டியல் எதிலும் சேர்க்காத ஒன்றை வெளியே எடுத்தார். அரங்கேறியதற்குச் சுவரொட்டி கிடையாது, துண்டறிக்கை கிடையாது, பத்திரிகையில் ஒரு வரி கிடையாது. ஏனென்றால் அது அரங்கேறிய இடம் வெர்னாவின் கல்யாணம்.

அந்தக் கல்யாணக் கதையை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, ஆகஸ்ட். டெல்மர் அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்தார். "பையன் இசை படிச்சிருக்கான், வெளியாள வெச்சு எதுக்கு வாசிக்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டார். டெல்மர் மூன்று மாதம் உட்கார்ந்து, ஆர்கனுக்கும் பால் கேன்களுக்குமாக ஒன்று எழுதினார். கூடப் படித்த இரண்டு நண்பர்கள் கேன்களை வாசிக்க வந்தார்கள். பெண் தேவாலய வாசலில் அப்பாவின் கையைப் பிடித்து நிற்க வேண்டும். இசை ஒரு கட்டத்துக்கு வந்ததும் நடந்து வர வேண்டும். எந்தக் கட்டம் என்று வெர்னா முன்னாலேயே கேட்டாள்.

"எல்லாச் சத்தமும் அடங்கினதும் நடந்து வா" என்று தம்பி சொன்னான்.

அந்தப் படைப்பில் ஏறக்குறைய ஒவ்வொரு நிமிடமும் எல்லாச் சத்தமும் அடங்கியது. ஒரு கேன் 'டங்' என்னும். பிறகு நீண்ட அமைதி. ஹால்வர் வலது காலை எடுத்து வைப்பார். இன்னொரு கேன் 'டங்' என்னும். காலைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

"முடிஞ்சிருச்சா?"

"தெரியலப்பா."

'டங்.'

"அது நம்ம கேன்தானே?" என்றார் ஹால்வர். "அந்த நெளிசல் நான் போட்டது."

"ஆமாப்பா."

"பால் ஊத்துற கேனை எதுக்கு அடிக்கிறான்?"

ஆகஸ்ட் வெயிலில் வெர்னாவின் மல்லிகைச் செண்டு தலைசாய்ந்தது. பூத்தூவ வந்த குழந்தை படியில் உட்கார்ந்து தூங்கிவிட்டது. உள்ளே மாப்பிள்ளை கர்டிஸ் பாதிரியாரிடம் இரண்டு முறை, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் போனதும் ஹால்வர் சூரியனைப் பார்த்தார். மாடுகளுக்குப் பால் கறக்கும் நேரம் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் எந்தக் கலையும் அவரை நிறுத்திவைக்க முடியாது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். ஜனங்கள் பதறி எழுந்தார்கள். பாதிரியாரின் மனைவி டெல்மரை ஆர்கன் இருக்கையிலிருந்து இடுப்பால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த கல்யாண ஊர்வல இசையை முழு வேகத்தில் வாசித்தார். கல்யாணம் நடந்து முடிந்தது. மாடுகள் தப்பித்தன.

அந்த வாரமே டெல்மர் நியூயார்க் பஸ்ஸில் ஏறினார். கலையைத் தேடிப் போனதாக வாழ்க்கைக் குறிப்பில் இருக்கிறது. தனக்குப் பயந்து ஓடினான் என்று வெர்னா சொல்வார்.

இந்தப் படைப்பைத்தான் டெல்மர் தூசி தட்டினார். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு 'வாசல் நிலைகள்' என்று புதுப் பெயர் வைத்தார். அப்போது நான் கல்லூரியின் கச்சேரி அலுவலகத்தில் நிகழ்ச்சித் தாள்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். அவர் எழுதிக் கொடுத்த விளக்கக் குறிப்பு இசையைவிட நீளமாக இருந்தது. 'நுழைதலுக்கும் நுழையாமைக்கும் இடையிலான பதற்றத்தை உலோகத்தின் வழியே விசாரிக்கும் முதிர்ந்த காலப் படைப்பு' என்று அதில் ஒரு வரி. கல்யாணப் பெண் வாசலில் நின்றதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மெரிடித் அதைப் படித்துவிட்டு, இத்தனை வயதில் இவ்வளவு புதிதாக யோசிக்கிறாரே என்று வியந்தார்.

டெல்மரின் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அதன் பெயர் வெர்னா. மற்றவர்களுக்குக் கல்யாணக் கதைதான் தெரியும், இசை தெரியாது; சந்தேகம் வந்தாலும் எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தப் படைப்பை உலகத்திலேயே கவனமாகக் கேட்ட ஆள் அவர்தான். எந்தச் சத்தத்தில் நடக்க வேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொரு சத்தத்தையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டவர்.

கச்சேரி ஞாயிறன்று நான்தான் வெர்னாவையும் கர்டிஸையும் காரில் கூட்டிப் போனேன். வெர்னாவுக்கு இப்போது கைத்தடி வேண்டும். மடியில் ருபார்ப் தட்டு.

"உனக்கு ஒண்ணு தெரியுமா கண்ணு?" என்றார் வெர்னா. "இவன் நேத்து போன் பண்ணி என்னைய வர வேண்டாங்கிறான்."

"ஏன்?"

"ரொம்ப நீளமாம். எனக்கு இடுப்பு வலிக்குமாம். ஊருக்குத் திரும்பி வந்த நாள்லேருந்து என் இடுப்ப உக்காத்தி வெச்சே நாசம் பண்ணினவன், இன்னைக்கு அக்கறைப்படுறான். அப்புறம் சொல்றான், இனிப்பை மட்டும் குடுத்து அனுப்பினாப் போதுமாம்."

"இனிப்பு மட்டும் போதும்னா நானும் வீட்ல இருந்திருப்பேனே" என்றார் பின்சீட்டிலிருந்து கர்டிஸ்.

"நீ சும்மா இரு. அவன் ஆஸ்பத்திரியில போன்ல கேக்க வெச்சப்பக்கூட நான் கேட்டேன். ஒண்ணக்கூட விட்டதில்ல. இன்னைக்கு என்ன, பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு பால்காரன் பொண்ண அக்கான்னு சொல்லிக்க அசிங்கமா இருக்கோ?"

அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

தேவாலயம் நிறைந்திருந்தது. இனிப்பு வருகிறது என்ற செய்தி பரவியிருந்தது. முன்வரிசையில் இருந்த டெல்மர் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் அக்காவைக் கண்டதும் அவர் முகம், பரீட்சை ஹாலில் பறக்கும் படையைப் பார்த்த பையன் முகம்போல ஆனது. வெர்னா ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கினார். விளக்குகள் மங்கின.

'டங்.'

ஊசிகள் நின்றன.

நீண்ட அமைதி. வெர்னா என் காதருகே குனிந்தார். "அடுத்தது சின்ன கேன்" என்றார்.

சின்ன கேன்தான் ஒலித்தது.

"இப்ப அப்பா காலை எடுத்து வெப்பார்... இப்ப இழுத்துக்குவார்." 'டங்.' "கர்டிஸ், முழிச்சுக்கோ. இது நம்ம கல்யாணம்."

கர்டிஸ் கண்ணைத் திறந்தார். "முடிஞ்சிருச்சா?"

"அன்னைக்கும் இதையேதான் கேட்ட."

அதன்பின் வெர்னா பின்னலை மடியில் வைத்துவிட்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கணம் முன்னதாக அவர் தலை லேசாக அசைந்தது. ஊரில் யாருக்கும் வாய்க்காத ரசிகை டெல்மருக்கு இருபது வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும். ஒரு கட்டத்தில் வெர்னாவின் தலை நின்றுவிட்டது.

"இங்கதான் அப்பா இழுத்துட்டுப் போனார்" என்றார் மெல்ல. "இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

முன்வரிசையில் டெல்மர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். காபி அண்டாவுக்கு நேரமாகிவிட்டது. மூன்று பெண்கள் திரும்பி வெர்னாவைப் பார்த்தார்கள். வெர்னா எழவில்லை.

கேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆர்கன் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தது. மிகவும் தாழ்ந்த சுரம். காதால் கேட்டோம் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்த பலகையில் அது ஊறி வந்தது. அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. யாரோ நடந்து வருவதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்த மாதிரி இருந்தது.

வெர்னா எழுந்தார். கைத்தடியை எடுத்தார். கீழ்த்தளக் கதவுப் பக்கம் போகாமல் நடுப்பாதையில் இறங்கி, தம்பியை நோக்கி நடந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன்.

தடி, கால், கால். தடி, கால், கால். தாழ்ந்த சுரத்துக்கு மேல் அந்தச் சத்தம் மட்டும் போனது. டெல்மர் திரும்பினார். முதலில் பயந்தார். பிறகு பயம் போய், வாய் லேசாகத் திறந்தபடி அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று தாளில் 'தேவைப்படும் வரை' என்றுதான் எழுதியிருந்தது. ஆர்கன்காரர் வெர்னாவைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தார். வெர்னா முன்வரிசைக்கு வந்து நின்றதும் கையை எடுத்தார்.

கைதட்டல் இடி மாதிரி விழுந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மெரிடித் பட்டயத்தை அணைத்தபடி மேடையேறினார். கண் கலங்கியிருந்தது.

"கடைசியில அந்த வயசான அம்மா நடந்து வந்தாங்களே!" என்று மைக்கில் சொன்னார். "என்ன துணிச்சல்! இப்படி ஒரு முடிவ இதுவரைக்கும் யாரும் யோசிச்சதில்ல!"

"வயசான அம்மாவா?" என்றார் வெர்னா. மைக் அவரையும் பிடித்துக்கொண்டது. "நான் இவன் அக்கா. டேய் டெல்மர், இது என் கல்யாணத்துல வாசிச்ச எழவுதானே?"

அரங்கில் இருந்த அத்தனை பேரும் தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு மனிதனின் மானம் போகும்போது மற்றவர்கள் செய்யும் மரியாதை அது.

மெரிடித்தின் சிரிப்பு அப்படியே நின்றது. "கல்யாணத்துலயா? எப்போ?"

"அறுபத்தாறுல. வாசல்ல நின்னு நின்னு என் கால் மரத்துப்போச்சு."

மெரிடித் பட்டயத்தைப் பார்த்தார். அதில் பொறித்திருந்ததை அழிக்க முடியாது. "அன்னைக்கு முழுசா வாசிச்சாங்களா?"

"எங்க முழுசா? எங்கப்பா பாதியில இழுத்துட்டுப் போயிட்டார். பாதிரியார் சம்சாரம் இவனைப் பெஞ்சுலேருந்து தள்ளிட்டாங்க. இந்தக் கடைசிச் சத்தத்த நான் இன்னைக்குத்தான் கேக்குறேன்."

மெரிடித்துக்கு உயிர் வந்தது. "அப்போ அது அரங்கேற்றமே இல்லையே! ஒத்திகை மாதிரிதான். முழுசா வாசிச்சது இன்னைக்குத்தான் முதல் தடவை. அப்படித்தானே, மிஸ்டர் நூட்சன்?"

ஊரே தலையாட்டத் தயாராக இருந்தது. விழுந்தவன் எழுந்துகொள்ள ஒரு சாக்கு நீட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. டெல்மர் 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். பட்டயம் அவர் வீட்டுச் சுவரில் ஏறிவிடும்.

டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பட்டயத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார். "அன்னைக்கு வாசிச்சோம். சர்ச் நிறைய ஆள் இருந்தாங்க. எங்கப்பாவுக்குப் பால் கறக்குற அவசரம், அவ்வளவுதான். இது ரெண்டாவது தடவை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"நல்லாக் கேட்டேன் இன்னைக்கு. இது ரெண்டாவது தடவை."

மெரிடித் கோபப்படவில்லை. அவரும் மினசோட்டாக்காரர்தான். "இது கொஞ்சம் வித்தியாசமான சூழ்நிலை" என்று சொல்லிவிட்டுப் பட்டயத்தைத் துணிப் பைக்குள் வைத்தார். அவர் கார் கிளம்பும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. டெல்மருக்குக் கேட்டிருக்காது.

கூட்டம் கீழ்த்தளத்துக்கு இறங்கியது. அங்கே காபி இல்லை. அண்டா பச்சைத் தண்ணீரோடு அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்று கேட்டாலும் யாரும் டெல்மர் செய்த மோசடியைச் சொல்ல மாட்டார்கள். "காபி இல்லாம ருபார்ப் தின்னோமே, அன்னைக்குத்தானே?" என்பார்கள்.

வெர்னா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டெல்மர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். பக்கத்தில் நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆர்கன் சத்தம் வந்ததும்தான் நான் நடந்து வரணுமாடா?" என்று கேட்டார் வெர்னா.

"ஆமா. உன் காலடிச் சத்தம் மட்டும் கேக்கணும்னு நினைச்சேன். மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி இடத்தக் காலி பண்றதுக்கு."

"அத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. எல்லாச் சத்தமும் அடங்கினதும்னு."

"மடையா."

டெல்மர் ஒரு வாய் கடித்தார். மென்றபடியே, சாதாரணமாகக் கேட்பது போல, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

வித்தியாசமாக இருந்தது என்று அவர் சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். டெல்மரும் எதிர்பார்த்திருப்பார்.

"கடைசி நல்லா இருந்துச்சு" என்றார் வெர்னா. "நடுவுலதான் ஒரே இழுவை. அன்னைக்கும் இழுவை, இன்னைக்கும் இழுவை. கொஞ்சம் வெட்டணும்."

டெல்மரின் வாய் அசைவது நின்றது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் அவருடைய இசையில் ஒரு குறை சொல்லியிருந்தார். துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவின் பக்கம் நல்ல காதைத் திருப்பி உட்கார்ந்தார்.

"எந்த இடத்துல?"

வெர்னா யோசித்தார். கூரையைப் பார்த்தார். விரலால் மடியில் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தார்.

"சட்டுன்னு சொல்லத் தெரியலடா" என்றார். "இன்னொரு தடவை கேட்டாத்தான் தெரியும்."